உள்ளங்கை தெரியாத சலூட்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அப்பாவின் மூத்த மகள் எழுதிக்கொள்வது.

அப்பா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய வலது முழங்கை சற்றுக் கோணலாக இருந்ததை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். மரத்திலிருந்து விழுந்தவர் என்று சிலரும், சூறாவளியில் தென்னை முறிந்து அடித்தது என்று சிலரும் பேசிக்கொண்டார்கள். அப்பா ஒருவரையும் திருத்தியதில்லை. சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். அந்தக் கையின் உண்மைக் கதை இத்தனை காலமும் எங்கள் வீட்டுக்குள்ளும் ஆரையம்பதி உறவுகளுக்குள்ளுமே இருந்துவிட்டது. இன்று அதை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். கேட்டால் அழுகை வராது. எழுதும் எனக்கே வரவில்லை.

அப்பா பிறந்தது ஆரையம்பதியில். அப்பப்பா மட்டக்களப்பு வாவியில் மீன்பிடித்தவர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், படகு ஒன்று, அதுவும் இன்னொருவரோடு பங்கு. அப்பா பத்தாம் வகுப்பை முடித்ததும் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தமையனின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு திருகோணமலைக்குப் புறப்பட்டார். அப்பம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"தண்ணிக்குள்ள போற வேலைக்கோ உன்னை இவ்வளவு படிப்பிச்சம்? அதுக்கு உங்கப்பாவோட தோணியில போயிரிக்கலாமே மனே!"

"மீன் புடிக்கப் போகல்ல அம்மா. கப்பலுக்குப் போறன்" என்று அப்பா சொன்னாராம்.

உடற்கட்டும் நீச்சலும் அவரைக் காப்பாற்றின. தெரிவுசெய்யப்பட்டார். அங்கே முதன்முதலாகப் பழக்கியது துவக்குச் சுடுவதும் இல்லை, கயிறு கட்டுவதும் இல்லை. சலூட் அடிப்பதைத்தான். அப்பா இதைச் சொல்லும்போது கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிடுவார். இருந்துகொண்டு சொல்லும் விஷயம் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

கடற்படைச் சலூட்டில் உள்ளங்கை எதிரே நிற்பவருக்குத் தெரியக்கூடாது. தரைப்படையினர் உள்ளங்கையை முன்னால் காட்டி மரியாதை செய்வார்கள். கடற்படையினர் அதைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொள்வார்கள். பாய்க்கப்பல் காலத்து மாலுமிகளின் கைகள் கயிற்றில் பூசும் தாரினால் எப்போதும் கறுத்தே இருக்குமாம். அந்தக் கறையை அதிகாரிக்குக் காட்டலாகாது என்று தொடங்கிய வழக்கம் என்பார்கள். கப்பலில் காலை வைத்ததும் பின்தளத்தை நோக்கிச் சலூட் அடிக்க வேண்டும். அங்கே ஆள் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி. தலையில் தொப்பி இல்லாதவர் சலூட் அடிப்பதுமில்லை, வாங்கிய சலூட்டுக்குக் கை உயர்த்துவதுமில்லை. இளையவர் உயர்த்திய கையை மூத்தவர் பதில் தரும்வரை இறக்கக்கூடாது. மூத்தவரோ பதில் தராமல் போகவே கூடாது.

"பெரியவன் சின்னவனுக்குக் கட்டாயம் பதில் குடுக்கணும். அந்த ஒரு சட்டத்துக்காகவே எனக்குக் கடற்படையைப் புடிச்சுப்போச்சு" என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். ஊரில் பெரிய மனிதர்களுக்கு வணக்கம் சொல்லி, அவர்கள் திரும்பியும் பாராமல் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

கப்பலில் அவருக்குக் கிடைத்த கூட்டாளி பியதாச மாமா. மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே தளத்தில் வேலை, அடுத்தடுத்துப் படுக்கை. பியதாச மாமா தமிழை அப்பாவிடமும், அப்பா சிங்களத்தை அவரிடமும் பழகினார்கள். முதலில் பழகியது ஏச்சுத்தான் என்று இருவருமே ஒத்துக்கொள்வார்கள்.

அந்தக் காலத்தில்தான் அப்பாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் சித்தாண்டியில், வயற்காரக் குடும்பம். அதுதான் எங்கள் அம்மா. அப்பா சீருடையோடு வந்து ஒருமுறை முகம் காட்டிவிட்டுப் போனார். அம்மா பார்த்தாரா என்று கேட்டால் இன்றும், "தொப்பியைத்தான் பார்த்தன்" என்பார்.

நிச்சயம் முடிந்து சில மாதங்களில் விபத்து நடந்தது. கப்பலைத் துறைமுகத்தில் கட்டும் நேரம். காற்றுப் பலமாக இருந்தது. கரையோடு கப்பலைப் பிணைத்திருந்த பெருங்கயிறு இறுகி முறுகி, வெடித்து அறுந்தது. அறுந்த முனை சவுக்கைப்போலத் தளத்தின் குறுக்கே வீசி அப்பாவின் வலது கையில் அடித்தது. முழங்கையிலும் அதற்குக் கீழேயும் எலும்புகள் முறிந்தன.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே கயிறு" என்று பியதாச மாமா சொல்வார். "அவன் முன்னால, நான் பின்னால. நான் முன்னால எண்டா என் கை. அவ்வளவுதான்."

மாதக்கணக்கில் கை மாவுக்கட்டுக்குள் கிடந்தது. கட்டை வெட்டியபோது கை மெலிந்து, முழங்கை மடங்கியபடியே இறுகிப் போயிருந்தது. தோளுக்கு மேலே உயரவில்லை. கையை முறுக்கவும் முடியவில்லை. வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். நீண்ட லீவு தருவோம், அதன்பின் வைத்தியக் குழு பார்க்கும், கை இப்படியே இருந்தால் சேவையிலிருந்து விலக்குவதைத் தவிர வழியில்லை.

அப்பாவின் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி நல்ல மனிதர். அவர் கட்டிலருகே வந்து ஆறுதல் சொன்னார். களஞ்சியத்தில் ஓர் இருக்கை வேலை கேட்டுப் பார்ப்பதாகவும், சலூட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்றும் சொன்னார். வலது கையில் சுமை வைத்திருப்பவர் கையை உயர்த்தாமல் தலையையும் கண்ணையும் மட்டும் திருப்பினால் போதும் என்பது வழக்கம். அதையே நீயும் செய்யலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள் என்றார்.

அப்பா சிங்களத்தில் சொன்ன பதிலை எங்களுக்கு எங்கள் பேச்சில் சொல்லிக் காட்டுவார். "அது கை நிறையச் சாமான் வைச்சிரிக்கிறவனுக்கு உள்ள சலுகை, சேர். எண்ட கை வெறுங்கையா இரிக்கு."

அதிகாரி, "சரி, உயர்த்திக் காட்டு" என்று சொல்லிப் போனாராம்.

அப்பா கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு ஆரையம்பதிக்கு வந்தார். செய்தி சித்தாண்டிக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அம்மப்பா தயங்கத் தொடங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. பெண்ணைப் பெற்றவர், எங்கள் ஊர் வழக்கப்படி மருமகன் வீட்டோடு வந்து வயலையும் பார்க்க வேண்டியவர். "கை விளங்காத மாப்பிள வந்து எங்கட வயல்வட்டையில என்ன செய்வான்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

அதற்கு அம்மா சொன்ன பதிலை அம்மாவின் தங்கச்சிமார் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "வயலுக்கு ஆள் வேணுமெண்டா கூலிக்குப் புடியுங்கப்பா. நான் கேட்டது மாப்பிள்ளைய."

அதோடு அம்மா நிற்கவில்லை. தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஆரையம்பதிக்கே வந்துவிட்டார். நிச்சயித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது அப்போது சின்ன விஷயம் இல்லை. அப்பம்மா தடுமாறிப்போய்த் தேத்தண்ணி ஊற்ற உள்ளே ஓடினார். அம்மா வாசலில் நின்றபடியே கேட்டார்.

"கை நோகுதா?"

"ஓம், நோகுது."

"நோகுதெண்டா உயிர் இரிக்கு. எப்ப திரும்பிப் போறீங்க கப்பலுக்கு?"

அப்பா எங்களிடம் சொன்னார்: "எல்லாரும் என்ன நடந்த எண்டு கேட்டாங்க. எப்ப போறீங்க எண்டு கேட்டது உங்கம்மா மட்டுந்தான்."

அடுத்த நாள் காலையே அப்பா பயிற்சியைத் தொடங்கினார். முதலில் நனைந்த துணியைப் பிழிந்தார். பிழியவும் வலுவில்லை, துணியைக் கையில் வைத்துச் சும்மா திருகினார். பிறகு வீட்டுச் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிக் கையை உயரே கொண்டுபோனார். எட்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு. அப்பம்மா அந்தச் சுவரைப் பிறகு வருஷக்கணக்காக வெள்ளையடிக்க விடவில்லை. தோள் மெல்ல மெல்ல இணங்கியது. ஒருநாள் கை புருவத்தைத் தொட்டது. வீடே கூடி நின்று பார்த்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

கை உயர்ந்துவிட்டது. ஆனால் உள்ளங்கை வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. முறிந்த எலும்புகள் பொருந்திய விதத்தில் மணிக்கட்டு ஒரு பக்கமாகவே திரும்பி இறுகிவிட்டது. அது அசல் தரைப்படைச் சலூட். லீவில் பார்க்க வந்த பியதாச மாமா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"மச்சான், நல்ல சலூட்! ஆனா ஆமிக்கு. நீ ஆமிக்கு எழுதிப் போடு!"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரும் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த நாள் பியதாச மாமா அப்பப்பாவின் தோணியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு தோணியின் பின்பக்கப் பலகையில் வாய்ச்சியால் ஒரு பள்ளம் வெட்டினார். ஆரையம்பதி மீனவர் தோணிக்குச் சிங்களப் பொடியன் வெட்டுப்போடுகிறான் என்று அயல் முழுக்கக் கூடிவிட்டது. அப்பப்பா தடுக்கவில்லை. வெட்டி முடிந்ததும் ஒரே ஒரு துடுப்பை அந்தப் பள்ளத்தில் வைத்து, பியதாச மாமா அப்பாவின் கையில் கொடுத்தார்.

கடற்படைச் சிறுபடகுகளை அப்படிப் பின்னால் நின்று ஒற்றைத் துடுப்பால் ஓட்டுவார்கள். துடுப்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து இப்பக்கமும் அப்பக்கமும் தள்ள வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்கும் மணிக்கட்டு ஒருமுறை திரும்ப வேண்டும். மணிக்கட்டு திரும்பாவிட்டால் தோணி நகராது. பொய் சொல்ல முடியாத பயிற்சி அது.

முதல் நாள் தோணி நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு நாளும் விடியவே போய்விடுவார். ஒரு கிழமை கழித்துத் தோணி ஊர்ந்தது. இன்னும் கொஞ்ச நாளில் மீன் வலைகளைத் தாண்டிப் போகத் தொடங்கியது. சிரித்தவர்களே கரையில் நின்று, "இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம் போ!" என்று கத்தினார்கள். லீவு முடிய இருந்த நாட்களில் அப்பா வாவியைக் கடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். தோணியை இழுத்துப் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, அப்பப்பாவின் முன்னால் நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்பி நின்றது. ஒரு விரலின் ரேகைகூட முன்னால் தெரியவில்லை.

அப்பப்பாவுக்குப் பதில் சலூட் அடிக்கத் தெரியாது. "சரி மனே, போயிற்று வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைத்தியக் குழு நடந்ததை அப்பா நான்கே சொல்லில் முடித்துவிடுவார்: "போனன், அடிச்சன், வெண்டன், வந்தன்." எங்களுக்கு விரிவாகத் தெரிந்தது பியதாச மாமாவால்தான். அவர் அன்றைக்கு அந்த அறை வாசலில் காவல் கடமையில் நின்றார். அந்தக் கடமையை வேறொருவரிடம் கெஞ்சி வாங்கியிருந்தார்.

உள்ளே இரண்டு அதிகாரிகள். ஒருவர் வைத்தியர். வைத்தியர் வேலையில் இருந்தபடியால் வெறுந்தலையோடு இருந்தார். தொப்பி மேசையில் கிடந்தது. அப்பாவின் கையை மடக்கினார், நீட்டினார், முறுக்கினார். முழங்கையின் கோணலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "சலூட் அடி" என்றார்.

அப்பாவின் கை உயர்ந்தது.

வைத்தியர் எழுந்து அப்பாவைச் சுற்றி வந்தார். தோளின் உயரத்தைப் பார்த்தார். குனிந்து உள்ளங்கையைப் பார்த்தார். முன்னால் வந்து நின்று பார்த்தார். மேசைக்குத் திரும்பி மற்ற அதிகாரியோடு மெதுவாகப் பேசத் தொடங்கினார்.

"உங்க அப்பா கை மேலயே நிக்குது" என்று பியதாச மாமா சொல்வார். "வேர்வை ஓடுது. டொக்டர் இறக்கு எண்டு சொல்ல மறந்து போச்சு. உங்க அப்பா இறக்க மாட்டான். பதில் வரல்ல தானே! எப்பிடி இறக்குறது? நான் வெளிய நிண்டு மனசுக்குள்ள கத்துது, ஐயோ டொக்டர், திரும்பிப் பாருங்க, திரும்பிப் பாருங்க!"

வைத்தியர் திரும்பிப் பார்த்தார். உயர்ந்தபடியே நிற்கும் கையைக் கண்டார். அது சோதனைக்காக அடித்த சலூட். "இறக்கு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வெறுந்தலையோடு இருந்தவருக்குப் பதில் சலூட் அடிக்கும் கடமையும் இல்லை. அவர் மேசையில் கிடந்த தொப்பியை எடுத்தார். தலையில் வைத்துச் சரிசெய்தார். கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, சாதாரண மாலுமி ஒருவருக்கு முழு மரியாதையோடு பதில் சலூட் அடித்தார்.

அப்பா கையை இறக்கினார்.

"கடல் வேலைக்குத் தகுதி" என்றார் வைத்தியர்.

வாசலில் காவல் நின்றவர் காவலை மறந்து கூவிவிட்டார். அந்தக் கூவலுக்காகப் பியதாச மாமாவுக்குத் தண்டனை கிடைத்தது. தளம் முழுவதையும் தனியே கழுவ வேண்டும். "பாட்டுப் பாடிக் கழுவினது" என்று அவர் சொல்லும்போது அறுபது வருஷச் சந்தோஷம் அந்த முகத்தில் தெரியும்.

அப்பா கல்யாணத்துக்குச் சீருடையோடு வரவேண்டும் என்று அம்மா கேட்டாராம். வேட்டியோடு வந்த அப்பாவிடம், தொப்பியையாவது கொண்டுவந்திருக்கலாமே என்று குறைப்பட்டாராம். அம்மப்பா மருமகனின் வலது கையைப் பிடித்துத்தான் பந்தலுக்குள் அழைத்துப்போனார். எந்தக் கையென்று பார்த்துப் பிடித்தார் என்று அம்மா சொல்வார்.

அதன்பிறகு அப்பா பல ஆண்டுகள் கப்பலில் இருந்தார். பெற்றி ஒபிசர் என்ற மூத்த மாலுமித் தரம் வரை உயர்ந்தார். சேவைக்காலம் முடிந்ததும் சித்தாண்டிக்கு வந்து குடியமர்ந்தார். நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். அம்மப்பாவின் வயலை அப்பா முயன்று பார்த்தார். அது அவருக்குச் சரிவரவில்லை. நெல்லைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்ததில் பாதியும் தனக்குத் தெரியாது என்று சந்தோஷமாகவே தோல்வியை ஒத்துக்கொண்டு, எங்கள் படகுத்துறையில் ஆட்களை வாவியின் அக்கரையான படுவான்கரைக்கு ஏற்றி இறக்கும் இயந்திரப் படகில் வேலைக்குச் சேர்ந்தார். உங்களில் அநேகருக்கு அப்பாவைத் தெரிந்தது அந்தப் படகில்தான்.

அந்தப் படகு ஓரளவுக்குக் கடற்படைக் கப்பலாகவே ஓடியது. கடற்படைப் படகில் இளையவர் முதலில் ஏறவேண்டும், மூத்தவர் முதலில் இறங்கவேண்டும். அப்பா முதல் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை மாற்றிவிட்டார். படுவான்கரையிலிருந்து எங்கள் பக்கத்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் ஏறுவார்கள், இறங்குவதும் அவர்களே. ஒருமுறை கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் அவசரப்பட்டு முன்னால் காலை வைத்தபோது அப்பா பணிவாகத் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. மூத்த ஆக்கள் இறங்கட்டும்."

"ஆர் மூத்த ஆக்கள்?"

"மணியடிக்க முந்திப் போய்ச் சேரவேண்டியவங்கதான் இந்தப் படகில மூத்த ஆக்கள்."

அந்த ஐயா சிரித்துவிட்டார். பிறகு வந்த நாட்களில் அவரே பின்னால் நின்று பிள்ளைகளுக்கு வழிவிட்டார்.

சாதாரணதரப் பரீட்சை நடந்த ஒரு மாரிகாலத்துக் காலையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். வாவி பெருகி, காற்று எழும்பியிருந்தது. படகு நிறையப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள். பாதி வழியில் இயந்திரம் நின்றுவிட்டது. நானும் அந்தப் படகில் இருந்தேன். அக்கரை வயலுக்குப் போன அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.

"மாமா, மணியடிச்சா உள்ள விடமாட்டாங்களாம்!"

"அழாத புள்ள. பேனையைக் கவனமா வைச்சிரு. மிச்சத்தை நான் பாக்கன்."

அப்பா இயந்திரத்தைக் கைவிட்டுவிட்டு, படகில் கிடந்த நீளத் துடுப்பை எடுத்துப் பின்பக்கத்தில் பொருத்தினார். எங்களை இரண்டு பக்கமும் சமமாக இருக்கச் சொன்னார். அந்தப் பெரிய படகை ஒற்றைத் துடுப்பால் தள்ளத் தொடங்கினார். கோணல் முழங்கை வெளியே துருத்திக்கொண்டு நிற்க, மணிக்கட்டு திரும்பித் திரும்பி வந்தது. காற்று ஒருபுறம் இழுத்தது, அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நெல் வியாபாரி பயந்து தேவாரம் பாடத் தொடங்கினார். "நல்லாப் பாடுங்க, தாளத்துக்குத் தள்ளுறன்" என்றார் அப்பா. பிள்ளைகள் அந்த நேரத்திலும் சிரித்தார்கள். பிறகு அவர்களும் சேர்ந்து பாடினார்கள். தேவாரத்தோடு படகு கரையில் போய் முட்டியது.

பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். ஓடியவர்களில் ஒருவன் நின்று, திரும்பி, அப்பாவைப் பார்த்துச் சலூட் அடித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். ஒருத்தி இடது கையால் அடித்தாள். ஒருவனுடைய கை காதைத் தாண்டிப் போயிருந்தது. உள்ளங்கைகள் எல்லாத் திசையிலும் பார்த்தன. கடற்படையில் பெற்றி ஒபிசருக்கு ஒருவரும் சலூட் அடிப்பதில்லை. அது ஆணை பெற்ற அதிகாரிகளுக்கு மட்டும் உரியது. இத்தனை வருஷத்தில் பதிலுக்காக அல்லாமல் தாமாகவே அப்பாவை நோக்கி உயர்ந்த முதல் கைகள் அவை.

அப்பா பதில் தர நிமிர்ந்தார். உடனே தலையைத் தடவிப் பார்த்தார். வெறுந்தலை. பக்கத்தில் நின்ற நெல் வியாபாரியின் பனையோலைத் தொப்பியை எட்டி எடுத்துத் தன் தலையில் வைத்தார். கால்களைச் சேர்த்து நின்று, ஒரு கப்பல் தலைவருக்கு அடிப்பதைப்போலச் சலூட் அடித்தார்.

"போங்க மக்காள்! போய்ச் சோதினையை எழுதுங்க!"

அன்றைக்கு ஒரு பிள்ளையும் பரீட்சையைத் தவறவிடவில்லை. அடுத்த நாளிலிருந்து துறையில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும் அப்பாவுக்குச் சலூட் அடித்துவிட்டுத்தான் போனது. அப்பா ஒரு தொப்பி வாங்கிப் படகிலேயே வைத்துக்கொண்டார். ஒருவருக்காவது பதில் தராமல் விட்டதில்லை.

யுத்தம் என்ற கெட்ட காலம் வந்தபோது, இடைக்கிடை வந்துபோன பியதாச மாமாவின் வருகை நின்றுபோனது. இடையில் எந்தச் செய்தியும் இல்லாத வருஷங்களும் இருந்தன. எங்கள் வீட்டில் இழப்புகளும் வந்தன. சின்னத் தம்பியை நாங்கள் இழந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அப்பா அப்போதும் படகை நிறுத்தவில்லை. காலையில் பிள்ளைகள் துறையில் நிற்பார்களே என்று எழுந்து போனார். அந்தப் பிள்ளைகள்தான் தன்னை நிமிர்த்தி வைத்தார்கள் என்று பின்னாளில் சொன்னார்.

பாதைகள் திறந்த பிறகு ஒருநாள் மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தில் பியதாச மாமா வந்து இறங்கினார். கையில் கித்துள் மரத்து வெல்லப்பாணிப் போத்தல்கள். அப்பா போய்க் காத்திருந்தார். இரண்டு கிழவர்களும் சற்றுத் தள்ளி நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். சலூட் அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்து என் மகன் போனைத் தூக்கிப் பிடித்தான். அவர்கள் அடிக்கவில்லை. ஒரே நிலையில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் சலூட் அடிப்பதில்லையாம்.

"மச்சான், நீ கிழடாப் போயிற்றாய்" என்றார் அப்பா.

"நீ மட்டும் என்ன? பல்லெங்க?" என்றார் பியதாச மாமா.

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு ஆண்டுதோறும் சித்தாண்டித் திருவிழாவுக்கு அவர் வந்தார். தயிரைத் தான் கொண்டுவந்த கித்துள் பாணியோடு சாப்பிட்டுக்கொண்டு, வைத்தியக் குழுக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு நடித்தே காட்டினார்.

அப்பாவின் கடைசி நாட்கள் நீளவில்லை. நெஞ்சு பலவீனமாகிவிட்டது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டார், கூட்டி வந்தோம். காலையில் அம்மா கையால் தேத்தண்ணி குடித்தார். வயலில் கதிர் வந்துவிட்டதா என்று கேட்டார். "வந்திற்று, நல்ல விளைச்சல்" என்று அம்மா சொன்னார். "அது எனக்கு விளங்காத பாடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே போய்விட்டார்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். வைத்தியசாலையில் அப்பாவைத் தங்கள் தகப்பனைப்போலப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நன்றி. செய்தி கேட்டதும் ஆரையம்பதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்த சித்தப்பாமாருக்கும் மாமிமாருக்கும், வெல்லாவெளியிலிருந்து அரிசியோடும் மரக்கறியோடும் வந்து அடுப்பைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட உறவுகளுக்கும் நன்றி. பயணம் செய்ய முடியாத உடல்நிலையில் தன் மகனை அனுப்பிவைத்து, தொலைபேசியில் அம்மாவோடு நெடுநேரம் பேசி, அழவந்த அம்மாவைச் சிரிக்கவைத்த பியதாச மாமாவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பந்தல் போட்ட அயலவருக்கும், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் கிரியைகளுக்கு வந்து நின்று உதவிய ஒவ்வொருவருக்கும் எங்கள் வணக்கம்.

பறைமேளக் கலைஞர்களுக்கு நன்றி சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அப்பாவை வீட்டிலிருந்து எடுக்கும் நேரம், அம்மாவின் வயதையும் நிலையையும் பார்த்து, அவர்கள் மனமிரங்கி மேளத்தை மெதுவாக அடித்தார்கள். பெண்களின் நடுவே இருந்த அம்மா எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மேளம் நின்றது. அம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று எல்லோரும் பார்த்தோம்.

"என்னத்துக்கு மக்காள் மெல்ல அடிக்கீங்க? எங்கட மனிசன் தோத்துப் போகல்ல. வெண்டுபோட்டுப் போறாரு. நல்லா அடியுங்க, படுவான்கரைக்குக் கேக்கட்டும்!"

கலைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அடித்தார்கள். கேட்டது என்று அக்கரைக்காரர் வந்து சொன்னார்கள்.